செடியின் கீழே மனிதன்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கார்ல் வில்ஹெல்ம் கோல்பே என்னும் ஜெர்மானிய ஓவியரின் (1759–1835) கானகக் காட்சிகளை ஒரு நூலில் கண்ட என் தோழி, "மனிதனை இப்படிப் பூச்சிபோல் ஆக்கிவிட்டாரே! இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன் அல்லவா?" என்று வருந்தினாள். அவளுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோல்பே பெர்லினில் பிறந்தவர். டெஸ்ஸௌ நகரப் பள்ளியில் பிரெஞ்சு மொழி கற்பித்தவர். முப்பது வயதை ஒட்டித்தான் ஓவியக் கல்விக்கு வந்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுப்பது அவர் முறை. ஓக் மரங்களை ஓயாமல் வரைந்ததால் 'ஓக் கோல்பே' என்றே பெயர் பெற்றார்.

ஓக் மரத்தடியில் ஆள் சிறியதாய்த் தெரிவதில் வியப்பில்லை. மரம் உண்மையிலேயே பெரியது. ஆனால் 1801-ஆம் ஆண்டையொட்டி அவர் செய்த 'நானும் ஆர்க்கேடியாவில் இருந்தேன்' என்ற படத்தைப் பாருங்கள். மாடு மிதித்துச் செல்லும் சாதாரணப் பூண்டுகள் மரங்களைப்போல் ஓங்கி நிற்கின்றன. நடுவே ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு கல்லறையருகே நிற்கிறார்கள். அளவைப் பற்றிய பெரும் பொய் இது! பொய் பேசலாகாது என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கும் நான், இந்தப் பொய்யை மட்டும் ஆதரிக்கிறேன்.

ஏனெனில், விரலால் அந்த இருவரையும் மறைத்துப் பார்த்தேன். உடனே காடு போய்விட்டது. தாவரவியல் புத்தகத்தின் இலைப்படம்தான் மிஞ்சியது. இலை பெரியது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை! விரலை எடுத்தேன், காடு திரும்பி வந்தது. அப்படியானால் அந்தப் படத்தில் யார் சிறியவர்?

இன்னொன்றும் உண்டு. ஆர்க்கேடியா கவிஞர்கள் கற்பனை செய்த இன்ப பூமி. அங்கும் மரணம் உண்டு என்பதே அக்கல்லறை சொல்லும் செய்தி. அந்த மாபெரும் இலைகளும் ஓராண்டில் வாடக்கூடியவையே. ஆனால் அவற்றுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் அந்த இருவர்தாம். எட்டாம் சங்கீதத்தில் வானத்தைப் பார்த்துத் தாவீது வியந்ததும் இதைப்போன்றதே அன்றோ? பூச்சி அப்படி வியக்குமா?

குறையும் சொல்லிவிடுகிறேன். கோல்பேயின் மனிதர்கள் கிரேக்கச் சிலைகள் எழுந்து வந்தாற்போல் இருக்கிறார்கள். இலைகளில் துடிக்கும் உயிர் அவர்களிடம் இல்லை. 'நாணலிடையே பசு' என்ற படத்தில் பசுவுக்குக்கூட அவர்களைவிட உயிர் அதிகம்.

தோழி இன்னும் முழுவதும் ஒப்பவில்லை. பசுவை மட்டும் அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.