விதை போட்டால் வராத ஆப்பிள்!

வீட்டுக்கு ஆப்பிள் பழம் வந்தால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று அக்கம்பக்கத்தார் கேட்ட காலம் ஒன்று இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள்தான் ஆப்பிள் வாங்குவார்கள். இப்போது தள்ளுவண்டியிலும் குவித்து வைத்து விற்கிறார்கள்.

நாம் எப்படி வாங்குகிறோம்? நல்ல சிவப்பாக, பளபளப்பாக இருக்கும் பழமாகப் பார்த்துப் பொறுக்குகிறோம். முகர்ந்து பார்ப்பது இல்லை. மாம்பழத்தை மட்டும் முகராமல் வாங்க மாட்டோம்!

இந்தச் சிவப்பு ஆசை, அருமையான பழைய ஆப்பிள் வகைகள் பலவற்றை மூலையில் தள்ளிவிட்டது. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் சிக்கல்.

ஒட்டுக் கட்டும் கை

ஆப்பிள் விதையை மண்ணில் போட்டால் முளைக்கும். மரமாகும். காய்க்கவும் செய்யும். ஆனால் அதே பழம் கிடைக்காது!

தாய்ப் பழம் தேனாக இனித்திருக்கும். பிள்ளை மரத்தின் பழமோ பல்லைக் கூச வைக்கும். ஒரே பழத்தில் உள்ள 5 விதைகளும் 5 விதமாக வரும். ஆப்பிள் பூ, பெரும்பாலும் வேறு வகை மரத்தின் மகரந்தத்தைப் பெற்றுத்தான் காயாகிறது. அதுதான் காரணம்.

ஆகையால் ஒட்டுக் கட்டுகிறார்கள். நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரிதான். குளிர்காலத்தில், பென்சில் கனமுள்ள குச்சி ஒன்றை வெட்டி எடுக்கிறார்கள். குளிர் விலகியதும், அதை வேறொரு வேர்ச்செடியின் மேல் பொருத்திக் கட்டுகிறார்கள். குச்சி எந்த மரத்தினுடையதோ, அந்த மரத்தின் பழமே காய்க்கும்.

அப்படியானால் ஒரு ஆப்பிள் வகை என்பது என்ன? என்றோ முளைத்த ஒரே ஒரு மரம்! அதுவே குச்சி குச்சியாகக் கை மாறி வருகிறது. யாரும் குச்சி வெட்டாவிட்டால், கடைசி மரம் சாயும் அன்று அந்த வகையும் போய்விடும். நெல்லைப் போல விதையை மூட்டை கட்டி வைத்துக் காப்பாற்ற முடியாது.

சிறுமி நட்ட விதை

இங்கிலாந்தில் சவுத்வெல் என்று ஒரு சிற்றூர். 1809-ம் ஆண்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்ற சிறுமி அங்கே ஆப்பிள் விதைகளை நட்டாள். ஒன்று வளர்ந்து தோட்டத்தில் மரமாயிற்று. அவள் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள்.

1846-ல் அந்த வீட்டை வாங்கியவர், மாத்யூ பிராம்லி என்ற கசாப்புக் கடைக்காரர். பத்து ஆண்டு கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற 17 வயதுப் பையன் அந்தப் பழத்தைப் பார்த்தான். அவன் நாற்றுத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒட்டுக் கட்டக் குச்சி கேட்டான். கடைக்காரர் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என்ன தெரியுமா? "பழத்துக்கு என் பெயரைத்தான் வைக்க வேண்டும்!"

சமையலுக்கு இங்கிலாந்துக்காரர்கள் பெரிதும் விரும்பும் 'பிராம்லி' ஆப்பிள் இப்படித்தான் பிறந்தது. விதை போட்டவள் 1852-ல் இறந்தாள். தன் மரம் இவ்வளவு பேர் வாங்கும் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. பெயரை மட்டும் கடைக்காரர் தட்டிக்கொண்டு போனார்!

1900-ல் புயலில் தாய் மரம் சாய்ந்தது. ஆனாலும் மறுபடி வேர் பிடித்துத் தழைத்தது. பிறகு வேரைத் தின்னும் காளான் நோய் பிடித்தது. மரம் போனாலும் வகை போகாது. குச்சி ஊரெல்லாம் போய்விட்டதே! அந்தப் பையன் கேட்காமல் இருந்திருந்தால்?

சிவப்பு செய்த வேலை

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்று ஒரு விவசாயி இருந்தார். அவருடைய தோட்டத்தில் வரிசைக்கு நடுவே தானாக ஒரு ஆப்பிள் கன்று முளைத்தது. வெட்டிப் போட்டார். மீண்டும் துளிர்த்தது. மறுபடி வெட்டினார். மறுபடியும் துளிர்த்தது. "பிழைத்துப் போ" என்று விட்டுவிட்டார்.

அதன் பழம் 1893-ல் ஒரு போட்டிக்குப் போனது. பரிசு அதற்குத்தான். ஆனால் அனுப்பியவர் பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டது! அடுத்த ஆண்டு அவர் மறுபடி பழம் அனுப்பிய பிறகுதான் ஆள் யார் என்று தெரிந்தது. ஸ்டார்க் என்ற நாற்றுக் கம்பெனி உரிமையை வாங்கி, 'டெலிஷஸ்' என்று பெயர் வைத்தது. 'சுவையானது' என்று பொருள். பிற்பாடு அது 'ரெட் டெலிஷஸ்' ஆயிற்று.

அந்தக் காலத்துப் பழத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருந்தன. சில சமயம் ஒரு கிளை மட்டும் அதிகச் சிவப்பாகக் காய்க்கும். அந்தக் கிளையில் குச்சி வெட்டினார்கள். அதிலும் சிவப்பான கிளை வந்தால் அதில் வெட்டினார்கள். சிவப்புக்குத்தானே விலை! நிறம் ஏறியது, தோல் தடித்தது, ருசி குறைந்தது. 50 ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த பழம், 2018-ல் 'காலா' என்ற வகையிடம் தோற்றது. பெயர் மட்டும் இன்னும் 'சுவையானது'தான்!

இதே பழத்தைச் சிம்லாப் பக்கம் கோட்கட்டுக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். நம் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர். அவரால் மலைவாசிகள் வாழ்வு பெற்றார்கள். அதை மறுக்க முடியாது.

காஷ்மீரின் அம்ப்ரி

ஆனால் காஷ்மீருக்குச் சொந்தமாகவே ஒரு ஆப்பிள் உண்டு. அதன் பெயர் அம்ப்ரி. வெள்ளைச் சதை, நல்ல இனிப்பு, வாசனை. நாள்பட வைத்திருந்தாலும் எளிதில் கெடாது. டெலிஷஸ் வகைகள் பரவப் பரவ, அம்ப்ரி ஒதுங்கிப் போனது. காய்ப்புக்கு வர அதற்கு நெடுநாள் பிடிக்கும். விளைச்சலும் குறைவு. விவசாயியைக் குறை சொல்லி என்ன பயன்?

பழைய வகைகளைக் காக்க, பெரிய தோட்டங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பிராக்டேல் என்ற இடத்தில் 2,000-க்கு மேற்பட்ட ஆப்பிள் வகைகளை வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் ஆப்பிள் மொட்டுகளைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருக்கிறார்கள்.

இது வீண் செலவு அல்ல. ஆப்பிளில் கறுப்புச் சொறி உண்டாக்கும் பூஞ்சை நோய் உண்டு. அதை எதிர்க்கும் சக்தியை விஞ்ஞானிகள் எதிலிருந்து எடுத்தார்கள்? அழகுக்கு வளர்க்கும் ஜப்பானிய ஆப்பிள் மரத்திலிருந்து! அதன் காய் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். யாரும் தின்னமாட்டார்கள். எது எப்போது உதவும் என்று யார் கண்டது?

ஆனாலும் தொட்டியில் உறைந்த மொட்டை எந்தக் குழந்தையும் கடித்துப் பார்க்க முடியாது. பழம் சந்தையில் இருக்க வேண்டும். காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் ரெட் டெலிஷஸையும் அம்ப்ரியையும் கலந்து 'லால் அம்ப்ரி' என்ற வகையை உண்டாக்கியது. நல்லதுதான். அதற்காகத் தாயைக் கைவிடலாமா?

வெளிநாட்டுக் குட்டை ஆப்பிள் மரங்களை நெருக்கி நட, காஷ்மீரில் அரசாங்க மானியம் தருகிறார்கள். அம்ப்ரி ஒட்டுக்கன்றுக்கும் அதேபோல மானியம் தர வேண்டும். கன்று கொடுத்தால் மட்டும் போதாது. அது காய்க்கும் வரையில் விவசாயியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.