முகாமில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு இராமேசுவரம் பக்கம் படகிறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனாலும் காகிதத்தில் அவர்கள் அகதிகளே.

2021இல் மாநில அரசு அவர்களின் அகதி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,500 ரூபாயாக உயர்த்தியது. இடிந்த குடியிருப்புகளுக்குப் பதிலாகப் புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. நல்ல காரியங்கள்தான். குடியுரிமை மட்டும் டெல்லியின் கையில்.

முடிச்சு அங்கேதான். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அந்த விதியைக் காட்டித்தான் முகாம்வாசிப் பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட்டுக்கு ஆணை வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்கோ பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே வீட்டில் 1986இல் பிறந்த அக்கா இந்தியர், 1988இல் பிறந்த தம்பி அந்நியர்!

சரி, விண்ணப்பித்துக் குடியுரிமை கேட்கலாமென்றால், ஆவணமின்றி வந்த ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரை குறுக்கே நிற்கிறது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் விசா வாங்கிக்கொண்டா வருவார்? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு 2019 சட்டத் திருத்தம் அந்த முத்திரையை நீக்கியது. இலங்கையை விட்டுவிட்டது.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்களுக்கு ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அதே தேதியை வைத்தே குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கையைச் சேர்க்க, நாடாளுமன்றத்தில் இன்னொரு திருத்தம் போதும்.