பத்துத் தலைக்கு ஒரு கழுத்து

பொங்கல் விடுமுறை முடிந்தால் போதும், இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கு புராஜெக்ட் ஜுரம் வந்துவிடும். அப்படிக் காய்ச்சலோடு வந்த இருவர் போன வாரம் ஒரு வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். ஒரே கைப்பிடி. அதில் மாட்டிக் கழற்ற சுத்தியல், ரம்பம், கத்தி, உளி, ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர் என்று பத்துத் தலைகள். ஒவ்வொரு தலைக்கும் எந்த எஃகு, எவ்வளவு கடினம், என்ன விலை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். தலையும் பிடியும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு வட்டம் போட்டு, ‘லாக்’ என்று எழுதி அம்புக்குறி இட்டிருந்தது.

“இது என்னப்பா?” என்றேன்.

“லாக்கிங் மெக்கானிசம் சார். அதைக் கடைசியில பார்த்துக்கலாம்னு விட்டிருக்கோம்.”

யானையை வாங்கிவிட்டு அங்குசத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது போலத்தான். பத்துத் தலையும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காதது அந்த வட்டத்துக்குள் இருக்கும் கழுத்து ஒன்றுதான். தலை மாற்றும் கருவியை வடிவமைப்பவர் உண்மையில் வடிவமைப்பது அதை மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது விளங்கும். ரம்பத் தலை கழுத்திலிருந்து 20 செ.மீ. நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுக்கும்போது நுனி சிக்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் 10 கிலோ அளவுக்கு நெம்புகிறோம். தலையின் அடி பிடிக்குள் 2 செ.மீ. மட்டும் நுழைந்திருந்தால், அந்த 2 செ.மீ.யின் இரு ஓரங்களிலும் உலோகம் தாங்கவேண்டியது ஏறத்தாழ 100 கிலோ. நுழைவை 4 செ.மீ. ஆக்கினால் சுமை ஏறத்தாழப் பாதியாகும். அடுத்து, மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்று சொல்கிற ஆட்டம். எளிதாகச் சொருகவேண்டும் என்பதற்காகக் கழுத்தில் 0.1 மி.மீ. இடைவெளி விட்டால், 2 செ.மீ. நுழைவுள்ள அதே ரம்பத்தின் நுனி 1 மி.மீ. ஆடும். புதிதில் 0.1 ஆக இருப்பது தேயத் தேய 0.3 ஆகும். அப்புறம் அந்த ரம்பத்தால் கோடு பார்த்து அறுக்க முடியாது. விலை மலிந்த ‘பத்து இன் ஒன்’ சமாச்சாரங்கள் சில மாதங்களில் லொடலொடத்துப் போவதன் ரகசியம் எஃகில் இல்லை. இந்தச் சில மில்லிமீட்டர்களில் இருக்கிறது.

நல்ல கழுத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டாம். ரோட்டோரம் பள்ளம் தோண்டுபவரின் பிக்காசைப் பாருங்கள். அதன் கண் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். காம்பின் மேல்முனையும் அதற்கேற்பப் பருத்திருக்கும். தலையைக் காம்பின் அடிமுனை வழியாகக் கோத்து மேலே தள்ளினால் பருத்த இடத்தில் போய் இறுகிக்கொள்ளும். ஓங்கும்போது தலை வெளியே பறக்கப் பார்க்கும். பறக்கப் பார்க்கப் பார்க்க இறுகும். ஆணி இல்லை, ஸ்குரூ இல்லை, ஸ்பிரிங் இல்லை. கழற்றவேண்டுமா, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி அடிமுனையைத் தரையில் தட்டினால் இறங்கி வந்துவிடும். வேலை செய்யும் விசையே இணைப்பை இறுக்கவேண்டும் என்ற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

இரண்டாவது பாடம், திருப்புகிற வேலையையும் விழாமல் பிடித்துக்கொள்கிற வேலையையும் ஒரே உறுப்பின் தலையில் கட்டக்கூடாது என்பது. ஸ்குரூ டிரைவர் பிட்டின் அடிப்பகுதி அறுகோணமாக இருக்கும். அந்த ஆறு முகங்களும் திருப்புவிசையைக் கடத்துகின்றன. பிட் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு குட்டிக் காந்தமோ, பள்ளத்தில் உட்காரும் ஒரு குண்டோதான். சுவரில் துளை போடும் ஹாமர் டிரில்லின் பிட்டை உருவி அடியைப் பார்த்தால் இதே பாகப்பிரிவினை தெரியும். 1970களில் வந்த எஸ்.டி.எஸ். முறை அது. 10 மி.மீ. தண்டில் நான்கு பள்ளங்கள். இரண்டு கடைசிவரை திறந்திருக்கும்; சுழற்றுவதற்கு. இரண்டு மூடியிருக்கும், குண்டுகள் பிடித்துக்கொள்வதற்கு. மூடிய பள்ளம் குண்டைவிட நீளமாக இருப்பதால், பிட் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும். அந்த நகர்வு இருந்தால்தான் உள்ளிருந்து விழும் அடி மெஷினைத் தாக்காமல் சுவரைத் தாக்கும். ஆட்டமே கூடாத இடமும் உண்டு, ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கும் இடமும் உண்டு என்பது அந்தப் பிட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

மாணவர்களுக்குக் கழுத்துக்குக் கீழே இன்னொரு சிக்கலும் காத்திருந்தது. சுத்தியலுக்கு எடை தலையில் இருக்கவேண்டும். கத்திக்கு அது கைக்குள் இருக்கவேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பங்கேற்று 2004இல் வெளிவந்த கைக்கருவிக் கையேடு, பலம் போட்டுச் செய்யும் வேலைக்குப் பிடியின் விட்டம் 32 முதல் 51 மி.மீ. வரை இருக்கட்டும் என்கிறது. நுட்பமான வேலைக்கு 6 முதல் 13 மி.மீ. இந்த இரண்டு எல்லைகளும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவே இல்லை. வாட்ச் ஸ்குரூவையும் வண்டி நட்டையும் ஒரே பிடியால் திருப்ப நினைப்பவர் இரண்டில் ஒன்றைக் கைவிடத்தான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் செல்போன் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் பிட் செட்களில் அறுகோணம் 4 மி.மீ. பெரிய ஸ்குரூ டிரைவரிலும் கார்ட்லெஸ் டிரில்லிலும் மாட்டுவது கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்று தொழிலே தீர்ப்பு சொல்லிவிட்டது.

அப்படியானால் எத்தனை தலை சரி? அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 1890களின் இறுதியில் 55ஆம் நம்பர் என்று ஓர் இழைப்புளியைக் கொண்டுவந்தது. மரத்தில் விதவிதமான பூவேலை விளிம்பு இழைக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட அலகுகள் அதோடு வந்தன. ஒரு தச்சுப் பட்டறையே உங்கள் கையில் என்ற ரீதியில் விற்றார்கள். ஆனால் ஒரு அலகை மாற்றி, அதற்கேற்ப இரண்டு பக்கச் சட்டங்களையும், பலகையின் விளிம்பை ஒட்டி ஓடும் ‘வேலி’யையும், ஆழத்தையும் திருத்தி அமைப்பதற்குள், பக்கத்தில் இருப்பவர் தனி இழைப்புளியை எடுத்து வேலையை முடித்திருப்பார். தலை மாற்றும் கருவியில் யாரும் விளம்பரத்தில் போடாத அளவு இதுதான்: மாற்ற ஆகும் நேரம். தலையை மாற்றும் நேரம், அடுத்த கருவியை எட்டி எடுக்கும் நேரத்தைவிடக் கூடினால் பட்டறையில் அது தோற்றது. ஏணி மேல் நிற்பவருக்கும், வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கும், பைக்கில் பையோடு வீடு வீடாகப் போகும் எலக்ட்ரீஷியனுக்கும் எட்டி எடுக்க இன்னொரு கருவி அருகில் இல்லை. அவர்களுக்கு அது ஜெயிக்கும். யாருக்காக என்று கேட்காமல் எத்தனை தலை என்று கேட்பதில் பயனில்லை.

இதுவரை சொன்னது விசையும் கையும் சம்பந்தப்பட்டது. கழுத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு, அது பணம். கழுத்து யாருடையதோ, தலை விற்கும் உரிமையும் அவருடையது.

கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ஷேவிங் ரேசரில் பிடி நிரந்தரம், பிளேடு தூக்கியெறிவது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல கம்பெனிகள் அதே துளை வைத்த பிளேடுகளைப் போட ஆரம்பித்தன. இன்றைக்கும் மளிகைக் கடையில் வாங்கும் எந்த இருமுனை பிளேடும் ஏறக்குறைய எந்தப் பழைய இருமுனை ரேசரிலும் உட்காரும். 1971இல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தபின் கதை மாறியது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கழுத்து, ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு விலை. பிடியை மலிவாகக் கொடுத்துத் தலையில் சம்பாதிக்கும் வியாபாரம் இன்று பல் தேய்க்கும் எலக்ட்ரிக் பிரஷ் வரை வந்திருக்கிறது. நம் வீட்டு மிக்ஸியும் இதே சாதிதான். ஜார் ஒன்று உடைந்தால் அதே கம்பெனி ஜாரைத் தேடி அலைகிறோம்; கடைக்காரர் “அந்த மாடல் நிறுத்திட்டாங்க சார்” என்றால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் அறுவைக் கத்தி இருக்கிறது. 1915இல் அமெரிக்காவின் மார்கன் பார்க்கர், பிளேடைக் கழற்றி மாற்றும் கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குமுன் பெரும்பாலும் முழுக் கத்தியையும் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கவேண்டும். பிளேடின் நடுவில் ஒரு நீள்துளை, பிடியின் நுனியில் அதற்குப் பொருந்தும் ஒரு மேடு. சறுக்கி மாட்டினால் தீர்ந்தது. 3ஆம் நம்பர் பிடியில் 10, 11, 12, 15 நம்பர் பிளேடுகள் பொருந்தும். அகலமான 4ஆம் நம்பர் பிடியில் 20 முதல் மேலே. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும், எந்தக் கம்பெனி பிளேடாக இருந்தாலும், சர்ஜன் நம்பரைச் சொன்னால் நர்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் ஒரே கழுத்து என்று அடம்பிடிக்காமல் சிறிய வேலைக்கு ஒன்று, பெரிய வேலைக்கு ஒன்று என்று பிரித்ததையும் கவனியுங்கள்.

மூடிய கழுத்து திறந்த கழுத்தானதற்கு நம் காலத்து உதாரணம், அதிர்ந்து அறுக்கும் மல்டி டூல். இப்போது கார்பென்டர்கள் கதவு நிலையின் அடியை வெட்டவும், டைல்ஸ் இடுக்கைச் சுரண்டவும், மூலையைத் தேய்க்கவும் பயன்படுத்துகிறார்களே, அதுதான். 1895இல் எலக்ட்ரிக் கை டிரில்லைச் செய்த ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி, 1967இல் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டை வெட்ட ஒரு ரம்பம் செய்தது. பிளேடு சுழலாது, சில டிகிரி மட்டும் அங்குமிங்கும் படுவேகமாக அதிரும். கெட்டி மாவுக்கட்டு அறுபடும், கீழே தோல் அதோடு சேர்ந்து அசைவதால் எளிதில் வெட்டுப்படாது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மல்டி டூல். காப்புரிமை காலாவதியானதும் எல்லாக் கம்பெனிகளும் இறங்கின. ஆளுக்கொரு துளை, ஆளுக்கொரு பல். பிளேடு வாங்கப் போனவர்கள் திண்டாடினார்கள். கடைசியில் 2016இல் ஃபைனும் பாஷும் போட்டியாளர்களாக இருந்துகொண்டே ‘ஸ்டார்லாக்’ என்ற பொதுக் கழுத்தைக் கொண்டுவந்தன. அதிலும் மூன்று படிகள் உண்டு. பெரிய மெஷினில் சிறிய பிளேடு மாட்டலாம். சிறிய மெஷினில் பெரிய பிளேடு உட்காராது. தாங்காத சுமையை ஏற்றவே முடியாதபடி கழுத்தே தடுத்துவிடும்.

தனிக் கழுத்து வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கவே இருக்காதா என்றால், இருக்கும். டிம் லெதர்மேனின் மடக்குக் கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் பின்னாள் மாடல்களில் பிட் மாட்டும் வசதி வந்தபோது, 6.35 மி.மீ. பருமனுள்ள அறுகோண பிட் மெல்லிய பிடிக்குள் மடங்காது என்பதால் தட்டையான பிட்களைச் செய்தார்கள். அதோடு நிற்காமல், சாதாரண கால் அங்குல பிட்டை மாட்ட ஒரு இணைப்புத் துண்டையும் விற்றார்கள். வாசலைக் குறுக்கவேண்டி வந்தால் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து வைப்பதுதான் மரியாதை.

அந்த மாணவர்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். பத்துத் தலையில் ஆறை வெட்டுங்கள். ஓங்கி அடிக்கும் சுத்தியலையும் கூர் வைத்த கத்தியையும் முதலில் வெட்டுங்கள். இரண்டும் கழன்றால் ஆளைக் காயப்படுத்தும். மிச்சமுள்ள தலைகளுக்குப் புதிதாகக் கழுத்து கண்டுபிடிக்க முடியாவிட்டால் வெட்கப்படவேண்டாம், உலகம் முழுக்கக் கிடைக்கிற கால் அங்குல அறுகோணத்தையே வையுங்கள். திருப்பும் வேலைக்கு அது போதும். நெம்பும் வேலை வந்தால் நுழைவை நீளமாக்குங்கள்.

வாங்கப்போகும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் ‘32 இன் 1’, ‘115 இன் 1’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு தலையை மாட்டி, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் ஒரு தலை தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா? வேறு கம்பெனித் தலை இதில் பொருந்துமா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால், எத்தனை மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.