சாவி கொடுக்கும் முன் யோசியுங்கள்!



கால்பந்துக் கிளப்பு விற்கப்படுவதற்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைத் தாண்டி வரும் அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், விஷயம் போதும்.

திருப்பனந்தாள் பகுதியில் 35 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தியவர் அவர். குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு என்று சொல்லி வைத்துக் கடன் வாங்கும் விவசாயக் குடும்பங்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். முட்டி வலி வந்துவிட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நல்ல விலை பேசினார். முன்பணம் கொடுத்தார். "மீதியை அறுப்பு முடிந்ததும் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். நல்ல நாள் பார்த்துச் சாவி கைமாறியது. வாங்கியவர் பழைய பெயரிலேயே, பழைய ஜி.எஸ்.டி. எண்ணிலேயே கும்பகோணம் மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்தார். நான்கு மாதம் விற்றார். பிறகு ஆளைக் காணவில்லை. மொத்த வியாபாரிகள் பில்லோடு நம்மவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணே, நான் சாவியைத்தானே கொடுத்தேன், பேரையா கொடுத்தேன்?" என்று என்னிடம் கண்கலங்கினார். "சாவியோடு பேரும் போய்விட்டது தம்பி, அதை நீங்கள் கவனிக்கவில்லை" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

இதே தவற்றைக் கோடிக்கணக்கில் புரளும் கால்பந்துக் கிளப்புகளும் செய்திருக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது. கிளப்பு என்பதும் ஒரு கடைதான். அதற்கும் பெயர் உண்டு, இடம் உண்டு, கடன் உண்டு, சம்பள ஆட்கள் உண்டு, தலைமுறை தலைமுறையாக வரும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரு வித்தியாசம்: நம் வாடிக்கையாளர் கோபம் வந்தால் அடுத்த கடைக்குப் போவார், கால்பந்து ரசிகர் சாகும்வரை கிளப்பை மாற்றமாட்டார்.

முறைப்படி ஒரு கிளப்பு எப்படி விற்கப்படுகிறது? முதலில் விலை பேசி, ஒரு சுருக்க ஒப்பந்தம் எழுதுவார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று விற்பவர் ஒப்புக்கொள்வார். அந்தக் காலத்தில் வாங்குபவரின் கணக்கர்களும் வக்கீல்களும் பேரேடு, கடன், வரிபாக்கி, ஆட்டக்காரர் ஒப்பந்தம், மைதானப் பத்திரம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். வாங்குபவரின் யோக்கியதையையும் பணம் வரும் வழியையும் போட்டி நடத்தும் அமைப்பு விசாரிக்கும். எல்லாம் சரியென்றால் முழு ஒப்பந்தம் கையெழுத்தாகும். கடைசியில்தான் சாவி. இந்த வரிசை தப்பிய இடங்களில் எல்லாம் வினைதான்.

கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1920இல் தொடங்கிய கிளப்பு. கிழக்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும், பின்னால் அகதிகளாக வந்தவர்களுக்கும் தாய்வீடு போன்றது. 2018இல் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் 70 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. இரண்டே ஆண்டில் வெளியேறியது. 2020 செப்டம்பரில் ஸ்ரீ சிமெண்ட் நிறுவனம் வந்தது. பங்கு 76 சதவீதம். ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கும் நேரம். சுருக்க ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டத்துக்கு இறங்கிவிட்டார்கள். பிறகு முழு ஒப்பந்தம் வந்தபோது, "முன்பு பேசியது ஒன்று, இப்போது எழுதியிருப்பது வேறு" என்று கிளப்பு நிர்வாகம் கையெழுத்துப் போட மறுத்தது. கையெழுத்து ஆகாமல் பணம் போட முடியாது என்று நிறுவனம் நின்றது. 2021 ஜூலை 21 அன்று கிளப்பு வாசலில் ரசிகர்களே இரண்டு கட்சியாக மோதிக்கொண்டு, போலீஸ் தடியடி வரை போனது. முதலமைச்சரே தலையிட வேண்டியதாயிற்று. பலன்? அந்த இரண்டு பருவங்களில் 11 அணிகளில் ஒருமுறை ஒன்பதாம் இடம், மறுமுறை கடைசி இடம். 2022 ஏப்ரலில் ஸ்ரீ சிமெண்ட் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில், நாம் கடையில் விற்கும் போரோபிளஸ், நவரத்னா எண்ணெய் தயாரிக்கும் எமாமி குழுமம் 77 சதவீதப் பங்குடன் வந்தது.

யார் பக்கம் நியாயம் என்பது நம் வழக்கு அல்ல. இரு தரப்பிலும் பெரிய மனிதர்கள், பெரிய வக்கீல்கள். ஆனாலும் எழுதி முடிக்காமல் கடையைத் திறந்ததால் இருவருக்கும் நட்டம். நம் ஊர்க்காரர் செய்ததும் இதுதானே!

அடுத்து இங்கிலாந்து. மான்செஸ்டர் பக்கத்தில் பரி என்று ஒரு பழைய ஆலை ஊர். 1885இல் தொடங்கிய பரி கிளப்பு 1900, 1903 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் அந்தக் கிளப்பு எவ்வளவுக்கு விற்கப்பட்டது தெரியுமா? ஒரு பவுண்டுக்கு. தங்கப் பவுன் அல்ல. அவர்கள் ஊர் நாணயம் ஒன்று. கடன் அவ்வளவு ஏறியிருந்தது. மைதானமும் அடமானத்தில் இருந்தது. கடையை நடத்தக் கையில் பணம் இருப்பதற்கான ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று லீக் அமைப்பு வாங்கியவரைக் கேட்டது. ஆனால் விற்பனை முடிந்த பிறகு கேட்டது. திருப்தியான ஆதாரம் வரவில்லை. 2019 ஆகஸ்ட் 27 அன்று, 1894 முதல் லீக்கில் இருந்த கிளப்பு வெளியேற்றப்பட்டது. ஆட்டம் இல்லாத ஊரில் ஆட்ட நாளை நம்பியிருந்த தின்பண்டக் கடைக்கும் டீக்கடைக்கும் என்ன வேலை?

விலை மலிவு என்று வாங்குபவரும், யாராவது வாங்கினால் போதும் என்று விற்பவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பரி ஒரு பாடம். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வாங்குபவர் வேலை. வாங்க வருபவரின் பையைப் பார்ப்பது விற்பவர் வேலை. இரண்டாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கேட்காமல் விடுகிறோம்.

பையில் பணம் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 1994-95இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2010 நவம்பரில் வாங்கியது நம் நாட்டு நிறுவனம்தான். கோழி வியாபாரத்தில் பெயர்பெற்ற புனேயின் வெங்கீஸ். கோழித் தொழிலில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் கால்பந்து புதுத் தொழில். வந்த அடுத்த மாதமே அனுபவமுள்ள மேலாளரை நீக்கினார்கள். 2012இல் அணி முதல் பிரிவை இழந்தது. 2017இல் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கி, அடுத்த ஆண்டு ஒரு படி ஏறியது. அத்தனைக்கும் அவர்கள் ஓடிவிடவில்லை, ஆண்டுதோறும் பணம் போட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருப்பினும் தொழில் தெரிந்த ஆளை முதலில் வைத்துக்கொள்ளாமல் பிறகு கொட்டிய பணம் விழலுக்கு இறைத்த நீர்தான்.

தமிழ்நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. கோவை நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி கிளப்பு 2018-19இல் ஐ-லீக் கோப்பையையே வென்றது. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பு 26 சதவீதப் பங்கு வாங்கியது. நாமெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் 2020-21க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை. வெளிநாட்டுப் பெயர் பலகையில் ஏறினால் கடை நிலைத்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பெயருக்கு வருவோம். கல்கத்தாவின் இன்னொரு கிளப்பான மோகன் பகான், 1889இல் பிறந்தது. 2020இல் ஸ்பென்சர்ஸ் கடைகளை நடத்தும் கோயங்கா குழுமம் 80 சதவீதம் எடுத்தது. தங்களிடம் முன்பே இருந்த ஏ.டி.கே. அணியின் பெயரை முன்னால் ஒட்டி "ஏ.டி.கே. மோகன் பகான்" என்று ஆக்கினார்கள். பச்சை-அரக்குச் சட்டையை மாற்றவில்லை, பெயரைத்தான் மாற்றினார்கள். ரசிகர்கள் விடவில்லை. மூன்று ஆண்டு போராட்டம். கோப்பையை வென்ற 2023ஆம் ஆண்டிலேயே ஏ.டி.கே. என்ற சொல் எடுக்கப்பட்டது. வேல்ஸின் கார்டிஃப் கிளப்பில், 2012இல் மலேசிய முதலாளி நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார். 2015இல் மறுபடியும் நீலத்துக்கே வந்தார். பணம் கொடுத்து வாங்கிய பொருள்தான். ஆனாலும் வாடிக்கையாளர் மனத்தில் இருப்பது பத்திரத்தில் எழுதி வாங்க முடியாத சொத்து.

"என் கடை, நான் யாருக்கு வேண்டுமானாலும் விற்பேன், ஊர் கேட்க என்ன இருக்கிறது?" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். உரிமையை மறுக்கவில்லை. ஆனால் கடைப் பையன் 20 வருடமாக மூட்டை தூக்கியிருக்கிறான். மொத்த வியாபாரி உங்கள் முகத்துக்காகச் சரக்கைக் கடனாக அனுப்பியிருக்கிறார். தீபாவளிச் சீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிய தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் எழுதாத பங்குதாரர்கள். கால்பந்து உலகம் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இங்கிலாந்தில் 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வாங்குபவரைச் சோதிக்கவும், மைதானத்தை விற்பதற்கும் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு வைக்கவும் அதில் வழி செய்திருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு சட்டம் வராது. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கடையைக் கைமாற்ற நினைக்கும் அன்பர்கள் கீழ்க்கண்டவற்றை அருள்கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன்.

1. முழு ஒப்பந்தம் கையெழுத்தாகி, முழுப் பணமும் கைக்கு வரும்வரை சாவி கொடுக்காதீர்கள். தவணை என்றால் தேதியும் ஜாமீனும் எழுத்தில் இருக்கட்டும்.

2. வாங்குபவர் இதற்கு முன் நடத்திய கடை எது, அங்கே மொத்த வியாபாரிகளிடம் அவர் பெயர் எப்படி என்று விசாரியுங்கள். ஒரு போன் போதும்.

3. கைமாறும் நாள்வரை உள்ள வரிபாக்கிக்கு விற்றவர், வாங்கியவர் இருவருமே பொறுப்பு என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85ஆம் பிரிவு. வாங்குபவர் தம் பெயரில் பதிவு எடுக்கட்டும். உங்கள் எண்ணை முறைப்படி ரத்து செய்யுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமமும் உங்கள் பெயரில் கிடக்க வேண்டாம்.

4. சரக்கு எடுக்கும் எல்லா மொத்தக் கடைகளுக்கும், "இன்ன தேதிக்குப் பின் என் பெயரில் கடன் கொடுக்க வேண்டாம்" என்று கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

5. கட்டடம் உங்களுடையது என்றால் வாடகை ஒப்பந்தம் தனியாக எழுதுங்கள். கடையை வாங்கியவர் கட்டடத்தின் பேரில் எங்கும் கடன் வாங்க முடியாதபடி வாசகம் இருக்கட்டும்.

6. பெயர்ப் பலகை எத்தனை வருடம், என்ன நிபந்தனையில் என்று எழுதுங்கள். வேலையாட்கள் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் நீங்களே தீர்த்துவிட்டு இறங்குங்கள்.

நம் ஊர்த் தலபுராணம் உங்களுக்குத் தெரியும். தாடகை என்ற பக்தைக்காகச் சாய்ந்த சிவலிங்கத்தை அரசன் யானைகளைக் கட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலயர் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி அன்பால் இழுத்தார், நிமிர்ந்தது. பரி கிளப்பும் அப்படித்தான். ரசிகர்கள் ஊர்கூடிப் பணம் திரட்டி, அரசு உதவியும் பெற்று, 2022இல் பழைய மைதானத்தை மீட்டார்கள். 2023இல் மறுபடியும் அங்கே கீழ்ப்படியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். சாய்ந்ததை நிமிர்த்த அன்பால் முடியும். ஆனால் அதற்கு எவ்வளவு பாடு! சாயாமல் பார்த்துக்கொள்ள ஒரு கையெழுத்துப் போதுமே!

நம்மவர் இன்று அந்தப் பில்களைத் தவணையில் அடைத்துக்கொண்டிருக்கிறார். "என் பேரைச் சொல்லி வாங்கின சரக்கு, நான்தான் கட்ட வேண்டும்" என்கிறார். அதுதான் வணிகன். அந்த நாணயத்துக்கு இந்தத் தண்டனை இன்னொரு உறுப்பினருக்கு வரக்கூடாது. கடையை விற்கும் பேச்சு வந்தால் முன்பணம் வாங்கும் முன்பே சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.