பந்து சோறு போடும்

மண்டி மொஹல்லாவில் நம்மவர் வீட்டுப் பெண் கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுதான். "பந்து சோறு போடுமா?" என்பது பெற்றோர் கேள்வி.

சென்னை அனிதா பால்துரைக்குப் போட்டது. கூடைப்பந்துதான் அவருக்குத் தென்னக ரயில்வேயில் உத்தியோகம் தேடித் தந்தது. பத்தொன்பதாம் வயதில் இந்திய அணித் தலைவி, 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகள், 2021இல் பத்மஸ்ரீ. இவற்றினும் பெரிதாக நாம் கருதுவது வேறு. பிள்ளை பெற்ற பின்னும் அவர் மைதானத்துக்குத் திரும்பினார். 2017இல், அடுத்துள்ள பெங்களூரிலேயே, கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா 'பி' பிரிவுக் கோப்பையைப் பெற்றபோது அந்தத் தாயும் அணியில் இருந்தார். இரண்டே புள்ளி!

விளையாடும் எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடாது, உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் மெட்ரிக் தேறியவருக்கும் இடமுண்டு. அந்த விளம்பரங்களை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

மாலையில் பெண்ணுக்குத் துணையாக யார் போவது என்பதே வீடுகளில் பெரும் தகராறு. நான்கு குடும்பத்தார் முறை வைத்து அழைத்துச் செல்லலாம். நம் சங்கத்தார் வரும் கல்வியாண்டுக்குள் இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.