‘பத்து நாள் நிறுத்திப் பாருங்கள்’: ஓர் எதிர்வினை

சென்ற இதழில் இயற்கை வாழ்வியல் ஆலோசகர் ஒருவர் எழுதிய தைராய்டு கட்டுரையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: டிஎஸ்எச் வெறும் பயமுறுத்தும் எண், நோய்க்குக் காரணம் அயோடின் உப்பு, மாத்திரை ஆயுள் சிறை, நம்பாதவர்கள் பத்து நாள் நிறுத்திப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது.

நான் கூடுவாஞ்சேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதழ் வெளிவந்த வாரமே ஒரு அம்மா வந்து, “அண்ணே, இந்த மாசம் தைரோனார்ம் வேணாம். கொத்தமல்லித் தண்ணி குடிக்கப் போறேன், புக்ல போட்டிருக்கு” என்றார். அவருக்கு அறுவை சிகிச்சை செய்து தைராய்டு சுரப்பியையே எடுத்தாகிவிட்டது. இல்லாத சுரப்பியை எந்தக் கொத்தமல்லி வந்து தூண்டும்? அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை அடியோடு விட்டால் நாளடைவில் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. யாருக்கு, எதனால், எந்த அளவுக்குச் சுரப்பு குறைந்தது என்ற கேள்வியே எழாமல் ஊருக்கெல்லாம் ஒரே வைத்தியம் சொல்லியிருக்கிறார்.

“மருந்துக்கடைக்காரன் மாத்திரையை விடச் சொல்வானா?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஜிஎஸ்டி சாலையில் ஒரு டீ குடிக்கிற காசைக்கூடத் தொடாது, ஒரு நாள் மாத்திரையின் விலை. இதில் கோட்டை கட்ட முடியாது. கட்டுரையாளர் கடைசிப் பத்தியில் நைசாக நுழைத்திருக்கும் சூரணத்தின் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு யாருக்கு வியாபாரம் என்று சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பத்து நாள் ஆராய்ச்சி. மாத்திரையில் இருப்பது லெவோதைராக்சின். அது உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பத்து நாள் கழித்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். பிறகு எப்படி ‘ஏதாவது’ ஆகும்? அளவை மாற்றிய பிறகு மருத்துவர்கள் 6 முதல் 8 வாரம் காத்திருந்து மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வது இதனால்தான். மருந்தின் தயவில் நடமாடிக்கொண்டே மருந்து வேண்டாம் என்று நிரூபித்துவிட்டதாக மார்தட்டுகிறார். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்து அச்சிடட்டும், பேசலாம்.

அடுத்து, அவர் ஏளனம் செய்யும் அந்த எண். “டிஎஸ்எச் அதிகம் என்றால் தைராய்டு அதிகம் என்றுதானே பொருள், அதற்கு மேலும் தைராய்டு மாத்திரையா?” என்று கேட்கிறார். இந்த ஒரு கேள்வியே போதும், அவர் ஒரு ரிப்போர்ட்டையாவது ஒழுங்காகப் படித்ததில்லை என்பதற்கு. டிஎஸ்எச் தைராய்டு சுரப்பியில் சுரப்பதே அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு அது. பிள்ளை எழுந்திருக்காவிட்டால் அம்மாவின் குரல் உயர்வதுபோல, தைராய்டு சோம்பினால் டிஎஸ்எச் ஏறும். தைராய்டு அதிகம் சுரந்தால் இறங்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலான லேப்கள் போடும் வரம்பு சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை. டிஎஸ்எச் ஏறி, தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் சுரப்புக் குறைபாடு உறுதி. டிஎஸ்எச் மட்டும் கொஞ்சம் ஏறி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் அது வேறு கதை.

அந்த வேறு கதையில்தான் கட்டுரையாளருக்குக் கால்வாசி உண்மை சிக்கியிருக்கிறது. டிஎஸ்எச் 6, 7 என்று வந்தவர்கள் எல்லோருக்கும் மாத்திரை தேவையில்லை. வயதானால் அந்த எண் சற்று ஏறுவதும் சகஜம். ஆனால் இதைக் கண்டுபிடித்தது யார்? 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. இந்த லேசான வகைக் குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் கொடுத்தும் அவர்களுடைய அறிகுறிகள் குறையவில்லை என்று சொன்னது அதுதான். அவர் நாள்தோறும் வசைபாடும் அதே அலோபதி, தன் மாத்திரையைத் தானே சோதித்து, இன்னாருக்கு வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதியது. கொத்தமல்லித் தண்ணீரை எத்தனை பேரிடம், எத்தனை மாதம் சோதித்தார் இவர்?

உப்புக்கு வருவோம். அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் தைராய்டு கெடும் என்பது உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். நம் கைக்கு வரும் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையானதும் அதே 150தான். 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கிடைத்த பகுதிகளில் கழுத்துக் கழலை குறைந்தது. அதன் பிறகே 1962இல் தேசியத் திட்டம் வந்தது. இன்று நகரங்களில் காணும் சுரப்புக் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சுரப்பியையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ அதை விவரித்தது 1912இல். அப்போது அயோடின் உப்பு கடைக்கே வந்திருக்கவில்லை. இதை மறைத்துவிட்டு, கர்ப்பிணிகள் உள்பட எல்லோரையும் அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறச் சொல்வது விஷப் பரீட்சை. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைத் தாய்தான் கொடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் பெண் கருவுற்றால் பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அவரிடம் போய் ‘நிறுத்திப் பார்’ என்கிறார்.

“நம் பாட்டிகளுக்குத் தைராய்டு இருந்ததா?” என்று ஒரு கேள்வி. இருந்தது. டெஸ்ட்தான் இல்லை. உடம்பு ஊதி, குரல் கரகரத்து, எந்நேரமும் அசதியாகக் கிடந்த பாட்டியைச் சோம்பேறி என்று வைதார்கள். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது. ‘ஆயுள் சிறை’ என்றால் என்ன என்பதற்கும் பதில் பழையதுதான். 1891இல் ஜார்ஜ் மர்ரே, சுரப்பு வற்றிப்போன ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்மணி தொடர்ந்து சிகிச்சை எடுத்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அது சிறை என்றால் மூக்குக்கண்ணாடியும் சிறைதான்.

மாத்திரையால் பலன் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சாப்பிடும் விதத்தைக் கேட்டால் காரணம் புரியும். ஏழு மணி செங்கல்பட்டு–பீச் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், ஒரு கையில் ஃபில்டர் காபி, அதோடு ‘அம்பது பவர்’ மாத்திரை, கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும். காபி மருந்தை உறிஞ்சவிடாது. இரும்பும் கால்சியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு, கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி. காலையில் சரிப்படாவிட்டால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட் பொய் சொல்லும். இளைக்க வேண்டும் என்று அளவைத் தானாகக் கூட்டுவதும் கூடாது. இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

‘எனக்கு உண்மையிலேயே மாத்திரை தேவையா?’ என்பது நியாயமான கேள்வி. பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே கேளுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரயிலில் போய் வரும் தூரம்தான். இதழாசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: ‘மருத்துவரைக் கேட்காமல் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்ற ஒரு வரியை அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போடுங்கள். கட்டுரையாளர் கொடுக்காத எச்சரிக்கையை இதழாவது கொடுக்கட்டும்.