சிறு செலவிற் கடற்பிரயாணம்

விடுமுறை யாத்திரை என்றவுடன் நம்மவர்க்கு மலையும் அருவியும் புண்ணியத் தலங்களும் நினைவுக்கு வருகின்றனவேயன்றிக் கடல் நினைவுக்கு வருவதில்லை. கடலைக் காணச் செல்வோர் பலர். கடலின்மேற் செல்வோர் மிகச் சிலர். கரையில் நின்று கால் நனைத்து மீளுதலே கடலோடு நமக்குள்ள உறவாக முடிந்துவிட்டது. கப்பற் பிரயாணம் செல்வர்க்கே உரியது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாம். அவ்வெண்ணம் பிழையுடையதென்பதும், சிறு பொருளுடையோரும் முன்னறிந்து திட்டமிட்டாற் கடல் செல்லலாமென்பதும், எனினும் மலிவுக்கும் ஓர் அறம் உண்டென்பதும் ஈண்டு நாம் கூற விழைவன.

கடல் முற்காலத்தில் ஏழைகளின் நெடுஞ்சாலையாகவே இருந்தது. 1926ஆம் ஆண்டில் நீரில் இறங்கிய ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றது. அவருட் பெரும்பாலோர் பாயும் மூட்டையுமாக மேற்றட்டில் இடம் பிடித்தவரே. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் ஓடிய படகுகளோ, இலங்கைக்குச் செல்வதை இரயிற் பிரயாணத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருந்தன. 1964 டிசம்பரில் அடித்த பெரும்புயல் தனுஷ்கோடியையே அழித்தது. கல்வியும் அவ்வழியே சென்று வந்தது. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தினர். மிஷன் சங்கத்தார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றோர். அவர்கள் கடலைத் தடையாகக் கருதினாரல்லர். ஆகாய விமானம் பெருகிய பின்னரே கடல்வழி நம் மனத்தினின்றும் மறைந்தது.

இனி, உல்லாசத்தின் பொருட்டே செல்லும் கப்பலின் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். 1844இல் பி. அண்டு ஓ. கம்பெனியார் மத்தியதரைக் கடற்பிரயாணத்தைப் பலரறியச் செய்யும் பொருட்டு, கல்கத்தாவிற் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவசமாக இடமளித்தனர். அவரும் அப்பிரயாணத்தைப்பற்றி ஒரு நூல் எழுதினார். 1891 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து ‘அகுஸ்தா விக்டோரியா’ என்னும் கப்பல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரப் புறப்பட்டது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்போர் குறைந்தமையால், சும்மா கிடக்கும் கப்பலுக்கு வேலை தேடிய ஆல்பெர்ட் பாலின் என்பாரின் யோசனை அது. இவ்வரலாற்றில் நமக்கொரு பாடமுண்டு. வெறுமையாகக் கிடக்கும் அறையினாற் கம்பெனிக்கு ஆதாயமில்லை. ஆதலால், எப்பொழுது அறைகள் நிரம்பாவோ அப்பொழுதே கட்டணம் தாழும். மலிவின் முதற் சூத்திரம் இதுவே.

இச்சூத்திரத்தை இக்காலத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். கோடையில் ஐரோப்பாவைச் சுற்றும் கப்பல்கள் பல, இலையுதிர் காலத்தில் கரீபியன் கடலுக்கு இடம் பெயர்கின்றன, வசந்தத்தில் மீள்கின்றன. அங்ஙனம் இடம் பெயரும் ஒருவழிப் பிரயாணத்தில் துறைகள் குறைவு, கடல் நாட்கள் மிகுதி. ஆகவே நாளொன்றுக்குரிய கட்டணமும் பெரும்பாலும் குறைவு. பள்ளி விடுமுறை நாட்களில் ஏறும் விலை, அவை கழிந்தவுடன் இறங்கும். சாளரமில்லாத உள்ளறை, கடல் தோன்றும் அறையினும் மலிவானது. உறங்குதற்கு மட்டும் அறையை நாடி, பகலெல்லாம் மேற்றட்டிற் கழிப்போர்க்கு அதனாற் குறையொன்றுமில்லை. நம் நாட்டிலும் 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய உல்லாசக் கப்பலொன்று புறப்பட்டமை பலர் அறிந்ததே.

ஆயினும் விளம்பரத்திற் காணும் தொகை வேறு, வீடு திரும்பும்போது செலவாகியிருக்கும் தொகை வேறு. ‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்பது நம் முன்னோர் மொழி. விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதை எண்ணிச் சொல்லப்படுவது. தனியே செல்வோர் இருவர் கட்டணத்தையும் இறுக்க நேரிடும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. சிப்பந்திகளுக்குரிய அன்பளிப்பு தனி. அமெரிக்கக் கம்பெனிகளின் பெருங்கப்பல்களில் அது நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை ஆகும். மது, சூதாட்டம், கரையிற் சுற்றிப் பார்த்தல், இணையத் தொடர்பு ஆகிய இவையெல்லாம் வேறு. பெருங்கம்பெனிகளின் வருவாயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சீட்டு விற்பதனாலன்றி, கப்பலேறிய பின்னர்ப் பிரயாணி செய்யும் செலவினாலேயே வருவதாகும். கதவு குறைந்த விலைக்குத் திறப்பது ஏனென்று இதனால் அறியலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். விளம்பரக் கட்டணம் ஆளுக்கு 20,000 ரூபாய் என்க. துறைமுகக் கட்டணமும் வரியும் 5,000, அன்பளிப்பு 1,500, ஊரிலிருந்து துறைமுகம் சென்று மீளவும் ஓரிரவு தங்கவும் 4,000, கரைச் செலவு 3,000, இன்ஷூரன்ஸ் 500. ஆக 34,000 ரூபாய். இருபதினாயிரத்தைக் கையிற்கொண்டு புறப்பட்டவன் எஞ்சிய பதினாலாயிரத்துக்குக் கடன்காரனாகின்றான். மூன்று நாள் மகிழ்ச்சிக்கு ஓராண்டு வட்டி கட்டுதல் உல்லாசமாகுமா? கடன் வாங்கிச் செய்யும் யாத்திரை எத்துணை மலிவாயினும் மலிவன்று என்பது நம் துணிபு.

ஆகலின் இடம் பதிவு செய்யுமுன் ஆராயவேண்டியவை நான்கு. முதலாவது, வரியனைத்தும் சேர்ந்த முழுத்தொகையை எழுத்திற் பெறுதல். இரண்டாவது, பிரயாணத்தை நிறுத்த நேர்ந்தால் எந்நாள்வரை எவ்வளவு பணம் மீளும் என்பதை அறிதல். மிக மலிவான சீட்டுக்குப் பெரும்பாலும் பணம் மீள்வதில்லை. மூன்றாவது, பாஸ்போர்ட்டும் விசாவும். பல நாடுகள் பாஸ்போர்ட்டு இன்னும் ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டுமென விதிக்கின்றன. ஒரு நாட்டை விட்டுக் கடல் சென்று மீண்டும் அந்நாட்டிற்கே வரும் பிரயாணத்துக்கு ஒருமுறை நுழையும் விசா போதாமற் போதலும் உண்டு. நான்காவது, துறைமுகத்துக்கு முதல்நாளே சென்று சேர்தல். இரயில் தாமதித்ததென்று கப்பல் காத்திராது.

இவற்றோடு பருவத்தையும் நோக்கல்வேண்டும். அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரிக்குச் சென்ற வரலாற்றை நம் வாசகர் அறிவர். காலம் கடந்துவிட்டது, பிரயாணம் கேடு விளைக்கும் என அவர் எச்சரித்தும், நூற்றுக்கு அதிபதி மாலுமியின் சொல்லையும் கப்பலுடையவன் சொல்லையுமே நம்பினான்; விளைவு, கப்பலிலிருந்த 276 பேரும் மெலித்தா தீவிற் கரையொதுங்கியதே. வடகீழ்ப் பருவத்தில் வங்காள விரிகுடாவில் மலிவான சீட்டுக் கிடைப்பின், அம்மலிவின் காரணத்தை வினாவுதல் அறிவுடைமை.

உல்லாசக் கப்பலொன்றே கடல்வழியென்று எண்ணுதல் வேண்டா. மக்களின் தேவைக்காக ஓடும் எளிய கப்பல்கள் உள. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்கு (போர்ட் பிளேர் என்றிருந்த அதன் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பெற்றது) ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாளளவு ஆகும். அடுக்குக் கட்டில் வகுப்பு அதில் மலிவானது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்குக் கப்பலுண்டு. அங்குச் செல்ல முன்னரே அனுமதிச்சீட்டுப் பெறல்வேண்டும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14ஆம் நாள் தொடங்கிய சேவை சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பிரயாணமே. இவையெல்லாம் காற்றுக்கும் மழைக்கும் கட்டுப்பட்டவை. ஆதலின் நாளைக் கப்பலுக்கு இணக்கல்வேண்டுமேயன்றிக் கப்பலை நம் நாளுக்கு இணக்குதல் இயலாது. இரண்டொரு நாள் மிகுதியாக வைத்துக்கொண்டு புறப்படுதல் நலம்.

“விமானம் சில மணி நேரத்திற் கொண்டுசேர்க்கும்போது மூன்று நாளை வீணாக்குவானேன்?” எனச் சிலர் வினவுவர். அலுவலின் பொருட்டுச் செல்வோர்க்கு அவ்வினா பொருந்தும். கற்கச் செல்வோர்க்குப் பொருந்தாது. பூமி உருண்டையென்பதைப் புத்தகத்திற் படித்தோம். கலங்கரை விளக்கம் சிறிது சிறிதாகத் தொடுவானத்தின்கீழ் மறைவதைக் கண்டவனே அதை அறிந்தவன். திசையும் தொலைவும் நீரின் நிறமும் காற்றின் போக்கும் கப்பலிற் பாடமாகின்றன. அன்றியும் அடுக்குக் கட்டிலில் அருகே படுத்திருப்பவன் தீவில் தச்சு வேலை செய்பவனாகவோ, மருத்துவம் முடித்து ஊர் மீள்பவனாகவோ இருத்தல்கூடும். மூன்று நாள் அவனோடு உரையாடுதல் வீணாகுமோ?

இறுதியாக ஒன்று. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, எதிர்த்துநின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று; முடிவில் இலவசமாக ஏற்றிக் குடையும் பரிசளிக்க முன்வந்தது என்பர். அக்குடை பிரயாணியின்மேல் வைத்த அன்பினாற் கொடுக்கப்பட்டதன்று. சுதேசிக் கம்பெனியை மூழ்கடிப்பதற்கே கொடுக்கப்பட்டது. அளவு கடந்த மலிவைக் காணும்போதெல்லாம், அதன் விலையை யார் கொடுக்கின்றார் என்று கேட்கும் வழக்கம் நமக்கு வரல்வேண்டும். இன்றைய உல்லாசக் கப்பல்கள் பல, தம் நாடல்லாத பனாமா, பஹாமாஸ் முதலிய நாடுகளின் கொடியைத் தாங்கிச் செல்கின்றன. அவற்றில் தட்டுக் கழுவுவோரும் படுக்கை விரிப்போரும் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளின் எளிய குடும்பத்தினர். 2006ஆம் ஆண்டின் கடற்றொழிலாளர் உடன்படிக்கையே அவர்களை வாரத்தில் 72 மணி நேரம்வரை வேலை வாங்க இடந்தருகின்றது. எனவே எதிற் சிக்கனம் செய்யினும் அவர்களுக்குரிய அன்பளிப்பிற் சிக்கனம் செய்தல் தகாது. மதுவை விடலாம், சூதாட்ட மண்டபத்தை விடலாம், சாளரமுள்ள அறையையும் விடலாம். பிறன் உழைப்பின் கூலியை விடலாகாது.

மாணவ நண்பர்களே! மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து, நால்வர் ஐவராகக் கூடி, முழுச்செலவையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்து, நல்ல பருவத்தில் ஓர் எளிய கப்பலில் ஏறுங்கள். நம் கல்லூரியின் சரித்திரச் சங்கமும் பூகோளச் சங்கமும் இத்தகைய யாத்திரையொன்றை ஏற்பாடு செய்யுமாயின், பொருளுடைய பழைய மாணவர்கள் வறிய மாணவர் ஒருவரிருவரின் கட்டணத்தை ஏற்க முன்வருவர் என்று நம்புகின்றோம். நம் முன்னோர் பிழைப்புக்காகக் கடந்த கடலை நாம் அறிவுக்காகக் கடப்போமாக.